ராஜியாகச் சொல்லும் வக்கீலை மாற்றலாமா?

கேள்வி: சலூனில் முடி வெட்ட மறுத்ததைத் தட்டிக்கேட்ட என் மகனை, சாதிப் பெயரைச் சொல்லி அடித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். நாங்கள் பார்த்த வக்கீலோ, "அதே ஊர்லதானே குடியிருக்கோணும், ராஜியாப் போயிருங்க" என்கிறார். வேறு யாரைத் தேடுவது?
- பெயர் வேண்டாம், கோபி வட்டாரம்

பதில்: எதிர்த்தரப்பு பேச வேண்டியதை உங்கள் வக்கீலே பேசுகிறார், அம்மணி. தாராளமாக மாற்றுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், அவரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புது வக்கீல் கிடைக்கும்வரை எஃப்.ஐ.ஆர். போடவைக்கும் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். ரசீது நகலோடு ஈரோடு எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும்.

பட்டியல் சாதியினருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. ஈரோட்டில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100-க்கும் போன் செய்யலாம். பி.சி.ஆர். கேஸ், அதாவது சாதி வன்கொடுமை வழக்கு, நடத்திப் பழகியவராகத் தரும்படி வற்புறுத்துங்கள், யாரோ ஒருவரைத் தந்தால் போதுமென்று திரும்பாதீர்கள்.

வருகிறவரிடம் நான் கேட்கச் சொல்வது ஒன்றே: "எதிரி ஜாமீன் கேட்டால் என்ன செய்வீங்க?" ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்கிறது அந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு. "நோட்டீஸ் வந்ததும் ஆட்சேபனை போட்டு வாதாடுவேன்" என்பவரை வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் அரசு வக்கீல் பாத்துக்குவாரு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கை நடத்துவது அரசு வக்கீல்தான், உண்மை. ஆனால் அவரையே மாற்றக் கேட்டு வென்றவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 2015-இல் சாதிவெறியால் கொல்லப்பட்ட தலித் இளைஞர் கோகுல்ராஜின் அம்மா உயர் நீதிமன்றம் வரை போனார். பவானி வக்கீல் ப.பா. மோகன் அரசுத் தரப்புச் சிறப்பு வழக்கறிஞரானார், விசாரணையும் நாமக்கல்லிலிருந்து மதுரைக்குப் போனது. 2022 மார்ச்சில் 10 பேருக்குத் தண்டனை கிடைத்தது.

சாதிச் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு எதற்கும் ஒரிஜினலைக் கைவிடாதீர்கள், நகல் போதும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அரசு தரும் நிவாரணத் தொகையில் பங்கு கேட்கிற வக்கீல் தொழில் விதியையே மீறுகிறார்.

இன்னொன்று. அடி விழுந்தபோது கடையில் இருந்தவர் சலூன்காரர். முடி வெட்ட மறுத்தது அவர் குற்றம்தான், ஆனால் ஊர்க் கட்டுக்குப் பயந்துகூடச் செய்திருக்கலாம். அவர் எதிரியா, சாட்சியா என்பதைப் புகார் எழுதும் முன்பே வக்கீலோடு பேசி முடிவெடுங்கள். சாட்சி என்றால் அவருக்கும் பாதுகாப்புக் கேட்க அதே 15ஏ பிரிவில் வழி இருக்கிறது.