கேளுங்கள், சொல்கிறேன்: செம்புச் சொம்பும் சேற்றுக் காலும்

கேள்வி: செம்பில் அணுவுக்கு ஒன்று வீதம் கட்டற்ற எலக்ட்ரான் இருக்கிறதே, சூடாக்கினால் அத்தனையும் வெப்பத்தை வாங்க வேண்டாமா? அங்கே எலக்ட்ரானின் பயனுறு நிறை (உலோகத்துக்குள் அது காட்டும் கனம்) அதன் இயல்பான நிறையைப் போல 1.38 மடங்கு என்கிறது பாடநூல். நிறை எப்படிக் கூடும்?
- எம்.எஸ்சி. மாணவி, நாச்சியார்கோவில்

பதில்: விளக்கு வார்க்கும் ஊரிலிருந்து இப்படியொரு கேள்வி வந்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்!

635 கிராம் செம்புச் சொம்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மோல் (மோல் என்பது அணுக்களை எண்ணும் ஒரு பெரிய அளவு). ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 245 ஜூல் வேண்டும். எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறு போல நடந்துகொண்டால் அவை மட்டுமே 125 ஜூல் கேட்கும். உண்மையில் கேட்பது இரண்டே ஜூல்.

ஆடியில் கரை தொட்டு ஓடும் வெண்ணாற்றைப் பார்த்திருப்பீர்கள். காற்றடித்தால் மேல்நீர்தான் சிலிர்க்கும். ஒரு நிலைக்கு ஓர் எலக்ட்ரான்தான் என்ற பாலியின் விதியால், செம்புக்குள்ளும் அடியிலிருந்து இடம் நிரம்பிக் கிடக்கிறது. அந்த ஆழத்தை வெப்பநிலையாகச் சொன்னால் சுமார் 80,000 கெல்வின். நம் சித்திரை வெயிலோ 310தான் (37 டிகிரி செல்சியஸ்). அடியிலுள்ளவை எழும்ப மேலே காலியிடம் இல்லை. மேல்மட்டத்தில் இருக்கும் சொற்ப எலக்ட்ரான்களே வெப்பம் வாங்கும். ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் 1928இல் வெளியிட்ட கணக்கு இது.

சரி, நிறைக்கு வருவோம். சின்ன வயதில் திருவையாற்றுப் பக்கம் எங்கள் வயலில் நாற்றுக்கட்டு சுமந்திருக்கிறேன். வரப்பில் ஓடிய கால், நடவு வயலில் இறங்கியதும் முழங்கால்வரை சேறு அப்பி, தூக்கவே கனக்கும். ஆள் எடை மாறவில்லை. (சேறு இழுத்துப் பிடிப்பதை விட்டுவிடுங்கள், காலோடு வரும் மண்ணை மட்டும் நினையுங்கள்.) எலக்ட்ரானுக்கு அந்த மண், வரிசையாக நிற்கும் அயனிகளின் (எலக்ட்ரானை விட்டுக்கொடுத்த அணுக்களின்) ஈர்ப்பும், அது போகிற வழியில் அசைத்துவிடும் அயனிகளும், சக எலக்ட்ரான்களின் விலக்கமும்.

இதை அளக்கவும் முடியும். எலக்ட்ரான் எத்தனை மடங்கு கனக்கிறதோ, அது வாங்கும் வெப்பமும் அத்தனை மடங்கு கூடும். சாதாரண வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வு எல்லாவற்றையும் மறைத்துவிடும். திரவ ஹீலியத்தின் குளிரில், 4 கெல்வினுக்குக் கீழே, அதிர்வின் பங்கு வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கில் சரியும் (வெப்பநிலை பாதியானால் எட்டில் ஒன்றாகும்). எலக்ட்ரான் பங்கு நேர்விகிதத்தில்தான் குறையும். தன்வெப்பத்தை (ஒரு டிகிரி சூடேற்ற வேண்டிய வெப்பத்தை) வெப்பநிலையால் வகுத்து, வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிராக கிராஃப் போடுங்கள். நேர்கோடு வரும். செம்புக்கு அது செங்குத்து அச்சை வெட்டுவது மோலுக்கு 0.695 மில்லிஜூலில்; கட்டற்ற எலக்ட்ரான் கணக்கு தருவது 0.505. வகுத்துப் பாருங்கள், உங்கள் 1.38 வந்துவிடும்.

வெள்ளியில் அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சீரியம் ஒன்றுக்கு அலுமினியம் மூன்று சேர்ந்த சேர்மத்தில், 1975இல் அளந்தபோது அதே வெட்டுப்புள்ளி 1,620 மில்லிஜூல்! அங்கே எலக்ட்ரான் நூற்றுக்கணக்கான மடங்கு கனத்துத்தான் நகர்கிறது.