அடைப்புக்குறிக்குள் ஒரு வரி

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு, வேலை மாற்றம் காரணமாக ஐந்து மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு இந்த நகரத்துக்குக் குடிவந்தேன். மனைவி, பத்து வயது மகள், ஐந்து வயது மகன். அலுவலகத்தில் குறையில்லை, சம்பளமும் கூடியிருக்கிறது. வீட்டில் என் கேமரா அலமாரி, கணினி மேசை எல்லாம் ஒழுங்காகிவிட்டன. நான்கைந்து அட்டைப்பெட்டிகள் மட்டும் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. ஆனாலும் ஊர் ஒட்டவில்லை. நண்பர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. புகைப்படம் எடுப்பது என் நெடுநாள் பொழுதுபோக்கு. அதையே வார இறுதியில் பக்கத் தொழிலாக்கி, திருமணம், பிறந்தநாள் என்று படமெடுக்கப் போனால் நாலு காசும் வரும், நாலு பேர் பழக்கமும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். மனைவிதான் கொஞ்ச நாளாக எதிலும் ஒட்டாமல் இருக்கிறாள் (முன்பு வீட்டிலேயே பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள், இங்கே வந்ததும் நின்றுவிட்டது). வேலை, குடும்பம், பொழுதுபோக்கு, பக்கத் தொழில் நான்கையும் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, கேமராவைப் பற்றிய கடிதம் என்று நினைத்தேன். இரண்டாம் முறைதான் அந்த அடைப்புக்குறி கண்ணில் பட்டது. பக்கத் தொழில் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பக்கத் தொழில் இருந்தது ஐயா. பன்னிரண்டு மாணவர்களோடு நன்றாகவே நடந்திருக்கிறது. சாமான் லாரியில் அது மட்டும் ஏறவில்லை.

நீங்கள் வந்து இறங்கிய மறுநாளே உங்களுக்கு ஒரு நாற்காலி தயாராக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர், மதியம் சேர்ந்து சாப்பிட ஆள், மாதம் பிறந்தால் சம்பளம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு வகுப்பறையைக் கொடுத்துவிட்டது. உங்கள் மனைவிக்காக மட்டும் இந்த நகரத்தில் யாரும் எதையும் எடுத்துவைக்கவில்லை. பாட்டு வகுப்பில் வருமானம் ஒரு பங்குதான். பிள்ளையை விட்டுவிட்டு வாசலில் பத்து நிமிடம் நின்று பேசிப்போகும் அம்மாக்கள், நன்றாகப் பாடும் ஒரு குழந்தை, வகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்று அவசரமாக முடிக்கும் வீட்டுவேலை, இதெல்லாம் சேர்ந்துதான் ஒருவருக்கு ஊர். அங்கே அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். இங்கே அவர் இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா. எதிலும் ஒட்டாமல் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் ஒட்டுவது?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க அவர் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ‘புது ஊர், போகப் போகச் சரியாகிவிடும்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

சரி, உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருவோம். ஐந்து மாதத்தில் நண்பர் கிடைக்கவில்லை என்பது உங்கள் குறையும் அல்ல, ஊரின் குறையும் அல்ல. அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அதில் ஒரு பகுதி, கடந்த ஆறு மாதத்துக்குள் புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களிடம் கேட்டது. உங்களைப் போன்றவர்கள்தான். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல் என்று அவருக்குக் கணக்கு வந்தது. ஒருவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். 50 மணி நேரத்துக்கே ஆறு மாதம் ஆகும், 200-க்கு ஏறத்தாழ இரண்டு வருடம். நீங்கள் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறீர்கள். அதற்குள் வீடு காலி என்று முடிவுகட்டிவிட்டீர்கள்.

அந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. வேலை நிமித்தம் சேர்ந்திருக்கும் நேரம் நட்புக்கு அவ்வளவாக உதவுவதில்லையாம். சேர்ந்து சும்மா இருக்கும் நேரம்தான் உதவுகிறது. இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். திருமண வீட்டில் ஐந்நூறு பேரைப் பார்ப்பீர்கள், லென்ஸ் வழியாக. ‘கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க’ என்பதுதான் அதிகபட்ச உரையாடல். அடுத்த வாரம் வேறு ஐந்நூறு பேர். முதல் வாரத்தவர்களை நீங்கள் மறுபடி பார்ப்பது, ஆல்பம் எப்போது வரும் என்று அவர்கள் போன் செய்யும்போதுதான். காசு வரலாம். நாலு பேர் பழக்கம் என்ற கணக்கு அதில் தேறாது.

நேரக் கணக்கிலும் நீங்கள் தவறுகிறீர்கள். ஒரு நாள் படமெடுத்தால் ஒரு நாளில் முடிந்துவிடுமா? ஆயிரக்கணக்கான படங்களில் பொறுக்க வேண்டும், நிறம் சரிசெய்ய வேண்டும், இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். மணப்பெண்ணின் அத்தை கண்ணை மூடியிருக்கிறார் என்று திரும்பி வரும் படத்துக்குப் பதில் வேறு தேட வேண்டும். சனி, ஞாயிறு மண்டபத்தில் போகும். திங்கள் முதல் வெள்ளி வரை இரவுகள் கணினி முன் போகும். அந்த நேரமெல்லாம் இரண்டு பிள்ளைகளோடு வீட்டில் யார் இருப்பார்கள்? அடைப்புக்குறிக்குள் இருப்பவர்தான்.

பொழுதுபோக்கைத் தொழிலாக்கினால் சந்தோஷமும் காசும் சேர்ந்து வரும் என்பதையும் நான் முழுதாக நம்புவதில்லை. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, எந்தப் பரிசும் இல்லாமல் வண்ணப் பேனாக்களை முன்னால் வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். மழலைகளின் கதை பெரியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். தொழிலாகவே செய்து மகிழ்ச்சியாக இருக்கும் புகைப்படக்காரர்களை எனக்குத் தெரியும். ஆனால் புது ஊரில் உங்களிடம் மிச்சமிருக்கும் ஒரே இளைப்பாறலை முதல் வருடத்திலேயே விலைக்கு வைக்க வேண்டுமா என்பது என் கேள்வி.

கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தனியாகப் போகாதீர்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், படமெடுக்கும் நாலு பேர் கூடும் இடமாகப் பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். அப்படி ஒரு கூட்டம் அகப்படவில்லையா, நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள். முதல் நாள் இருவர்தான் வருவார்கள். அந்த இருவர் போதும். மகளையும் அழைத்துப் போகலாம், அவளுக்கு விருப்பமிருந்தால். பத்து வயதில் தோழிகளை விட்டு வந்தவள் அவள். அவளைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் வயதைத் தவிர வேறெதுவும் இல்லை. மகனைப் பற்றிக் கவலையில்லை. ஐந்து வயதுக்காரன் ஒரு பந்து இருந்தால் அரைமணியில் ஊர்க்காரனாகிவிடுவான்.

பக்கத் தொழில் வேண்டவே வேண்டும் என்றால் ஒரு வருடம் கழியட்டும். அதற்குமுன் உங்கள் பணி நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளிவேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும். வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டியதையும் மறக்காதீர்கள். அப்போதும் மாதம் ஒரு நிகழ்ச்சிக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அதுவரை, நின்றுபோன தொழிலைத் தொடங்குங்கள். முதலில் அவரிடம் கேளுங்கள், மறுபடி சொல்லிக்கொடுக்க விருப்பமா என்று. ‘நான் உனக்கு ஏற்பாடு செய்கிறேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் சில நாள் பேசாமல் இருந்து பிறகு பதில் சொல்லலாம். வேறு எதையாவது செய்ய நினைத்திருக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லலாம். விருப்பம் என்றால், மாணவர்களைத் தேட நெருங்கிய நண்பர்கள் தேவையில்லை. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை இதில் பிரபலம். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் விசாரித்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்ப்பவர்கள், அபூர்வமாகப் பார்ப்பவர்கள் மூலம்தான் வேலை வந்திருக்கிறது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவர்தான் புதுச் செய்தி கொண்டுவருவார். ஆகவே பள்ளி வாசலில் பார்க்கும் பெற்றோர், மாடிப்படியில் தலையாட்டும் அண்டைவீட்டார், உங்கள் அலுவலகத்து ஆட்கள், இவர்கள் காதில் விஷயம் விழுந்தால் போதும். உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்கு உங்கள் மனைவி பாட்டு ஆசிரியை என்று தெரியும்? ஐந்து மாதத்தில் ஒருவரிடமாவது சொன்னீர்களா?

மூன்று மாணவர்கள் கிடைத்தால் தொடங்கிவிடலாம். வகுப்பு நடக்கும் நேரத்தில் பிள்ளைகள் உங்கள் பொறுப்பு. மாலையில் என்றால் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட வேண்டும், சனிக்கிழமை என்றால் கேமரா ஞாயிற்றுக்கிழமைக்கு மாறட்டும். இதை ‘உதவி’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் நடுராத்திரி வரை படங்களைத் திருத்திக்கொண்டிருந்தால் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டிருப்பார், அதை உதவி என்று சொல்லாமலே.

அப்புறம் அந்த அட்டைப்பெட்டிகள். உங்கள் கேமரா அலமாரிக்கு வந்துவிட்டது. அவருடைய ஆர்மோனியம் எங்கே இருக்கிறது? அது எந்தப் பெட்டியில் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐந்தையும் பிரியுங்கள். படம் எடுக்க வேண்டாம்.