மொரீஷியஸ் தெருவில் எதிர்ப்பட்ட காவடி ஊர்வலம் எந்த விழாவைச் சேர்ந்தது? வழிப்போக்கர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

தை மாதப் பௌர்ணமியை ஒட்டி நீங்கள் கத்ர் போர்ன் பகுதியில் கண்டது தைப்பூசக் காவடி. கோர் த கார்து மலையடிவார முருகன் கோயிலை நோக்கிச் செல்லும் அந்த ஊர்வலத்தை இங்கே சுருக்கமாகக் 'காவடி' என்றே சொல்வோம். அன்று நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை.

கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் புலால் நீக்கி விரதமிருந்தவர்கள், பூவும் ஓலையும் வேய்ந்த மரவளைவின் இரு முனைகளிலும் பாற்செம்பைக் கட்டித் தோளில் சுமந்து, நாக்கிலும் கன்னத்திலும் வேல் தரித்து, சிலர் ஆணி பதித்த பாதுகைகளிலும் நடந்து வருகிறார்கள். இரு மலைகளைத் தோளில் காவிச் சென்ற இடும்பனின் கதையே இவ்வழிபாட்டின் வேர். வெயிலில் சுமந்தும் பால் திரியாதிருந்தால் விரதம் நிறைவுற்றது என்பது நம்பிக்கை. அந்தப் பாலே முருகனுக்கு அபிஷேகமாகிறது. காவடி சுமப்போரில் பலர் வீட்டில் பேசுவது கிரியோல்தான் என்றாலும், 'வேல் வேல்' என்ற முழக்கம் மட்டும் தமிழிலேயே எழுவதைக் கேட்டிருப்பீர்கள்.

ஓரமாக நின்று பார்ப்பதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள். ஆனால் வரிசையின் குறுக்கே போகாதீர்கள். வேல் குத்தியவரின் முகத்தருகே கைப்பேசியை நீட்டுவது, என் பார்வையில், அநாகரிகம். கோயிலுக்குள் செல்வதானால் காலணியை வெளியே விடுங்கள். முடிவில் வாழையிலையில் பரிமாறும் ஏழு மரக்கறிச் சோற்றுக்கு யாரேனும் அழைத்தால் தயங்காமல் உட்காருங்கள்.