கொப்புளம் வெளியே, துரு உள்ளே: பழைய காரின் தகட்டை வீட்டில் சரிசெய்வது

கேள்வி: 1970களின் தொடக்கத்தில் வந்த நான்கு கதவு கார் ஒன்றை வீட்டு ஷெட்டில் வைத்து மெல்ல மெல்லப் புதுப்பித்து வருகிறேன். முன் மட்கார்டுகளில் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி, இரண்டு கதவுகளின் அடி விளிம்பு, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டி ஆகிய இடங்களில் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறது. கிரைண்டரும் சின்ன மிக் வெல்டிங் மெஷினும் வைத்திருக்கிறேன், வெல்டிங் ஓரளவு வரும். துருவைச் சுரண்டி, துரு மாற்றும் திரவத்தைத் தடவி, பட்டி போட்டால் போதும் என்கிறார் நண்பர். எல்லாத் தகட்டையும் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்கிறார் டிங்கர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நண்பர் சொன்ன வழியில் போனால் முதல் மழைக்காலம் தாண்டும். அடுத்ததில் அதே இடத்தில் அதே கொப்புளம் வந்து நிற்கும். டிங்கர் சொல்வது கொஞ்சம் பெரிய கத்தி. மாற்றுத் தகடு கிடைத்தாலும், உங்கள் காரோடு பிறந்த தகடு பக்கத்துத் தகட்டோடு இடைவெளி பார்த்து உட்கார்ந்திருப்பதுபோல் அது உட்காரும் என்று சொல்ல முடியாது. அதை உட்கார வைக்கவே பல நாள் மல்லுக்கட்ட வேண்டிவரும். அழுகிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அந்த அளவுக்குப் புதுத் துண்டு வைப்பதையே மட்கார்டுக்கும் கதவுக்கும் நான் சொல்வேன். சில் பெட்டி கதை வேறு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

நீங்கள் சொன்ன மூன்று இடங்களையும் யோசித்துப் பாருங்கள். மூன்றுமே உள்பக்கம் தண்ணீர் தங்கும் இடங்கள். முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்கார்டுக்குள் ஏறி, கீழே உள்தகட்டோடு சேரும் மூலையில் போய் அடைகிறது. வெளியே காய்ந்துவிட்டாலும் அந்த மண் பல நாள் ஈரமாகவே இருக்கும். கதவில் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் ரப்பரைத் தாண்டி உள்ளே போகத்தான் செய்யும். கார் செய்தவர்களுக்கும் அது தெரியும், அதனால்தான் கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். அவை அடைபட்டால் கதவு ஒரு தொட்டி. ஆக, நீங்கள் பார்க்கும் கொப்புளம் உள்ளே தொடங்கிய வேலையின் கடைசிக் கட்டம். இரும்பு துருவானால் இடத்தை அடைத்துக்கொண்டு பருக்கும். மடித்து வைத்த விளிம்பையே பிரித்துவிடும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. வெளியே நாணயம் அளவு கொப்புளம் என்றால் உள்ளே உள்ளங்கை அளவாவது போயிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு வேலையில் இறங்குங்கள்.

முதல் நாள் கிரைண்டரைத் தொடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தகட்டை மேலிருந்து கீழே வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். பட்டி இருக்கும் இடம் மொத்தென்று கேட்கும். துரு தின்ற இடத்தில் சரசரவென்று உள்ளே ஏதோ உதிரும். பிறகு ஸ்க்ரூடிரைவரைத் திருப்பி, கொப்புளத்தின் நடுவில் முனையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் வருத்தப்பட வேண்டாம், இறங்காத இடம் வரும்வரை குத்திக்கொண்டே போய்ச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டாத இடத்தில் யாரோ ஒருவர் முன்பே தடிமனாகப் பட்டி போட்டு மறைத்திருக்கிறார், அல்லது தொழிற்சாலையிலேயே மூட்டில் ஈயம் நிரப்பியிருக்கிறார்கள். ஈயம் என்றால் அதன்மேல் கிரைண்டர் வைக்கவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். அந்தக் காலத்துப் பெயிண்டிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் காய்ந்த தேய்ப்பைத் தவிர்த்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள், அல்லது ரசாயனத்தால் உரித்தெடுங்கள். நுண்தூள் தடுக்கும் முகமூடி கட்டாயம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேலைத் துணியை ஷெட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

பெயிண்ட் போன பிறகு மூன்று விதத் துரு தெரியும். ஒன்று, மேலோட்டமான செம்பழுப்புப் படலம். கம்பி பிரஷ்ஷும் 80ஆம் நம்பர் உப்புத்தாளும் போதும், தகடு வெள்ளையாகிவிடும். இரண்டாவது, தகட்டில் அம்மைத் தழும்புபோல் குழி விழுந்து அந்தக் குழிக்குள் கறுப்பாகத் துரு உட்கார்ந்திருப்பது. தகடு இன்னும் கனமாக இருந்தால் இங்கேதான் உங்கள் நண்பர் சொல்லும் திரவத்துக்கு வேலை. அதில் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும், துருவோடு வினைபுரிந்து அதைக் கறுப்பான, ஓரளவு நிலையான பொருளாக மாற்றும். தொட்ட துருவை மட்டும்தான் மாற்றும் என்பதால், செதில் செதிலாக நிற்கும் துருவின்மேல் தடவினால் மேல் அடுக்கு கறுக்கும், அடியில் துரு தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். பாஸ்பாரிக் அமில வகையைப் பயன்படுத்தினால் டப்பாவில் சொன்னபடி கழுவி உலர்த்துங்கள். மிச்ச அமிலத்தின்மேல் எபாக்சி பிரைமர், அதாவது தகட்டுக்கு ஈரம் புகாமல் காக்கும் அடிப்பூச்சு, சரியாகப் பிடிக்காது. மூன்றாவது, ஓட்டை. ஓட்டையும், ஓட்டையாகப் போகிற காகிதத் தகடும் வெட்டப்பட வேண்டியவைதான். பட்டியை வைத்து ஓட்டையை மூடுவதைப் பற்றி எனக்குப் பேசவே பிடிக்காது.

சரி, வெட்டுவோம். சாக்பீஸ் கோட்டிலிருந்து இன்னும் இரண்டு விரல்கடை தள்ளி, உள்ளும் புறமும் பளபளக்கும் தகடு வரும்வரை போக வேண்டும். மனம் வராது, ஆனால் அரைகுறையாக வெட்டினால் வெல்டிங் வைக்கும்போது விளிம்பு உருகி ஓடிவிடும், ஓட்டை பெருகும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலையில் சூடு குவிந்து தகடு நெளியும். வெட்டுகிற கோடு தகட்டின் மடிப்புக்கோட்டுக்கு அருகில் விழுந்தால் நல்லது, மடிப்பு இருக்கும் இடம் விறைப்பானது, அவ்வளவு எளிதில் அசையாது. சமதளத்தின் நடுவில் வெட்டினால் பின்னால் நிறைய அழ வேண்டியிருக்கும்.

துண்டு செய்வதற்கு அட்டைதான் நல்ல நண்பன். ஓட்டையின்மேல் அட்டையை வைத்து விளிம்பைக் கரியால் தேய்த்து எடுத்து, அதைத் தகட்டில் வரையுங்கள். உங்கள் காரின் தகட்டை வெட்டிய துண்டிலேயே அளந்து பார்த்து அதே கனத்தில் வாங்குங்கள். அக்காலக் கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் 0.8 முதல் 1 மில்லிமீட்டருக்குள் வரும். ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி வைத்து ஒட்டும் பழக்கம் வேண்டாம். இரண்டு தகட்டுக்கு நடுவே தண்ணீர் ஏறி உட்கார்ந்துகொள்ள நாமே வாசல் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். விளிம்போடு விளிம்பாக, நடுவில் தகட்டின் கனத்தளவு இடைவெளி விட்டு வையுங்கள்.

வெல்டிங்குக்கு 0.6 மில்லிமீட்டர் கம்பியும், ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவும் வேண்டும். வாயு இல்லாமல் ஓடும் கம்பி இவ்வளவு மெல்லிய தகட்டுக்கு அதிகச் சூடு, தெறிப்பும் அதிகம். முதலில் வெட்டிப்போட்ட நல்ல துண்டுகளில் ஒரு மணி நேரம் பழகி, மெஷினின் சூட்டையும் கம்பி வேகத்தையும் செட் செய்துகொள்ளுங்கள். அப்புறம் காருக்கு வாருங்கள். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஆல்டர்னேட்டர் ஒயரையும் விடுவியுங்கள். கம்பளம், ஒலித்தடுப்புத் தார்ப் பாய், ஒயர் கட்டு எல்லாவற்றையும் உள்ளேயிருந்து எடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வேலை முடிந்தாலும் ஒரு மணி நேரம் ஷெட்டைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள், பெட்டிக்குள் கங்கு மெதுவாகத்தான் பிடிக்கும். இன்னொன்று, பலருக்குத் தெரியாது: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டின்மேல் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் எனும் விஷவாயு உண்டாகலாம். துடைக்க வேறு திரவம் எடுத்து, அது நன்றாக உலர்ந்த பிறகு பற்றவையுங்கள்.

துண்டைப் பொருத்தி நான்கு பக்கமும் ஒவ்வொரு டேக் அடியுங்கள். ஒரு டேக் என்றால் ஒரு நொடிக்கும் குறைவு, டப் என்று ஒரு புள்ளி, அவ்வளவுதான். பிறகு இரண்டு டேக்குக்கு நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தில் ஒன்று என்று மாறி மாறிப் போங்கள். இப்போதுதான் வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்ததை வைக்காதீர்கள். தகட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், கை தாங்கினால்தான் அடுத்த புள்ளி. இடைவெளி அகலமாகிப்போன இடத்தில் பின்பக்கம் ஒரு செம்புக் கட்டையைப் பிடித்தால் உருகிய இரும்பு அதில் ஒட்டாமல் ஓட்டையை நிரப்பும். ஆறட்டும் என்று ஈரத்துணி போடவோ தண்ணீர் ஊற்றவோ வேண்டாம்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் ஒரு கதவின் அடிப்பகுதிக்குத் துண்டு வைத்தபோது பொறுமை இல்லாமல் ஒரே இழுப்பாக ஒரு சாண் வெல்டு ஓட்டினேன். பார்க்க அழகான கோடு. ஆறியதும் கதவின் கீழ்ப்பாதி உள்ளே ஒரு பிடி, வெளியே ஒரு பிடி என்று அலைஅலையாகிவிட்டது. அழுத்தினால் டொக் என்று உள்ளே போகும், விட்டால் டொக் என்று வெளியே வரும். கடைசியில் அந்தக் கதவே போயிற்று.

நடந்தது எளிய விஷயம். உருகிய கோடு ஆறும்போது சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டையும் இழுக்கிறது. இதற்கு மருந்து, அந்தக் கோட்டை மறுபடி நீட்டுவது. நாலைந்து புள்ளி வைத்ததும் அவற்றை ஃப்ளாப் டிஸ்க்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் மடல் வட்டு) தகட்டின் மட்டத்துக்கு மிக அருகில் தேய்த்து, பின்னால் டாலி எனும் கனமான இரும்புக் கட்டையை ஒட்டிப் பிடித்து, முன்னால் சுத்தியலால் புள்ளியின்மேல் லேசாகத் தட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே நசுங்கிய உலோகம் விரிந்து, சுருங்கியதை ஈடுகட்டும். பழகியவர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் இதைச் செய்வார்கள். தேய்க்கும்போதும் தொட்டுத் தொட்டு எடுங்கள். கிரைண்டரை அழுத்திப் பிடித்துத் தகட்டில் சூட்டின் நீலம் பாயவிட்டால் வெல்டிங்கில் தப்பியது அங்கே நெளியும்.

கதவின் அடி விளிம்பில் ஒரு கூடுதல் வேலை. வெளித்தகடு அங்கே உள்சட்டத்தைச் சுற்றி மடிந்திருக்கும். மடிப்பைப் பிரித்து, உள்சட்டம் நன்றாக இருக்கிறதா பார்த்து, சுத்தம் செய்து பிரைமர் கொடுத்த பிறகே புதுத் துண்டை மடியுங்கள். மடித்த விளிம்பில் சீலர் வையுங்கள், வடிகால் துளைகளின்மேல் மட்டும் கை படக் கூடாது. அழகுக்காக அதையும் மூடிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேய்த்து வெள்ளையான தகட்டை வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையின் உப்பு போதும், மறுநாள் காலையில் விரல்ரேகை துருவாகத் தெரியும். அன்றைக்கே எண்ணெய்ப்பசை போகத் துடைத்து எபாக்சி பிரைமர் இரண்டு கோட் கொடுங்கள். பட்டி அதற்கு மேல்தான். வழக்கமான பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள், வெறும் தகட்டின்மேல் நேராகப் போட்டால் அடியில் ஈரம் தங்கிவிடும். கனம் 2, 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பட்டியை நிறுத்திவிட்டுச் சுத்தியலை எடுங்கள். பட்டியை இறுக வைக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் சுமார் 2 சதவீதம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் மேல் பெயிண்டில் கறை கசியும். சாம்பல் நிற ஃபில்லர் பிரைமரோடு காரை வெளியே மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் வீட்டில் வேலை செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. அந்த பிரைமர் நுண்துளை நிறைந்தது, தண்ணீரை வழிவிட்டு அனுப்பும். பணமோ நேரமோ இல்லை என்றால் எபாக்சியோடு நிறுத்துங்கள். மேல் பெயிண்டில் ஐசோசயனேட் ஹார்டனர் சேரும் வகை என்றால் அதை வீட்டில் அடிக்க வேண்டாம், வெளிக்காற்று ஊட்டும் முகக்கவசம் இல்லாமல் அது ஆபத்து.

இப்போது சில் பெட்டி. உங்கள் காருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இருந்தால் அது பெரும்பாலும் வெறும் உறை. தனிச் சேசிஸ் இல்லாமல் பாடியே எலும்பாக இருக்கும் கார் என்றால், காரின் நடு வளையாமல் தாங்குவது அதுதான். வோக்ஸ்வேகன் பீட்டிலில் இதே இடத்தில் ஓடும் வெப்பக்காற்றுக் குழாய்ப் பெட்டி அழுகிப்போனது புதுப்பிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் தலைவலி. வெளித்தகட்டில் ஓட்டை தெரிந்தால் நடுத்தகடும் உள்தகடும் எப்படி இருக்கின்றன என்று பார்க்காமல் மேலே ஒட்டுப்போடாதீர்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு வைத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து கதவு திரும்ப மூடாது. காரின் எடையைச் சக்கரங்கள் தாங்கியபடி, மட்டமாக நிறுத்தி, கதவு இடைவெளிகளை எழுதி வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முடித்த பிறகே மறு பக்கம். அழுகல் சஸ்பென்ஷன் பிடிமானம், சீட் பெல்ட் மாட்டும் இடம், ஜாக் வைக்கும் இடம் வரை போயிருந்தால் நீங்கள் டேக் அடித்துப் பொருத்தும்வரை செய்துவிட்டு, முழு வெல்டிங்கை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். ‘வெல்டிங் ஓரளவு வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ‘ஓரளவு’ மட்கார்டுக்குப் போதும்.

கடைசி வேலை யார் கண்ணுக்கும் தெரியாதது, ஆனால் ஆயுள் அதில்தான் இருக்கிறது. நீங்கள் வைத்த ஒவ்வொரு வெல்டின் பின்பக்கமும் பெயிண்ட் எரிந்து வெறும் இரும்பாக நிற்கிறது. கை எட்டினால் பிரைமர் தடவுங்கள். எட்டாத பெட்டிக்குள், பெயிண்ட் வேலை எல்லாம் முடிந்து நன்றாக உலர்ந்த பிறகு, எல்லாப் பக்கமும் தெளிக்கும் முனை வைத்த நீளக் குழாயால் கேவிட்டி மெழுகை, அதாவது மூடிய பெட்டிகளின் உள்பக்கத்துக்கான துரு தடுப்பு மெழுகை, செலுத்துங்கள். குழாயைக் கடைசிவரை விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே தெளிக்க வேண்டும். அதற்கு முன்னால் மெழுகு வைத்தால் பெயிண்ட் பிடிக்காது.

முதல் வெயிலில் கதவின் அடியிலிருந்து பழுப்பாக ஏதாவது சொட்டினால் துரு என்று பதறாதீர்கள், மெழுகு உருகி மடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. துணியால் துடைத்துவிட்டு, வடிகால் துளைகளை மெழுகு அடைத்துவிட்டதா என்று ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள்.