ஆங்கிலத்தை மாற்றியது யார் படை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரோமானியர்கள் பிரிட்டனை அவ்வளவு காலம் ஆண்டார்களே, ஆங்கிலத்தில் இத்தனை லத்தீன் சொற்கள் இருக்க அதுதானே காரணம்?

பதில்: இல்லை. கி.பி. 43-இல் ரோமானியப் படை இறங்கியபோது அந்தத் தீவில் ஆங்கிலமே கிடையாது; மக்கள் பேசியது கெல்டிக் மொழி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி முடிந்த பிறகுதான் இன்றைய ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிலர், சாக்சனியர், ஜூட்டுகள் படகேறி வந்தார்கள். அவர்கள் பேச்சுதான் ஆங்கிலமானது. ‘ஸ்ட்ரீட்’, ‘வைன்’ போன்ற லத்தீன் சொற்களை அவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். மற்ற லத்தீன் பெரும்பாலும் தேவாலயம், பிரெஞ்சு, பண்டிதர்கள் வழியாகப் பிறகு வந்தது.

கேள்வி: கெல்டிக் சொற்கள் எங்கே போயின?

பதில்: முக்கியமாக ஆற்றுப் பெயர்களில் தங்கிவிட்டன. ‘ஏவன்’ என்றாலே கெல்டிக் மொழியில் ஆறுதான். வந்தவர்கள் அதைப் பெயராக நினைத்து ‘ஏவன் ஆறு’ என்றார்கள். சொந்த மண்ணில் இருந்தவர்களுக்கே ‘அந்நியர்’ என்று பெயரும் வைத்தார்கள். ‘வெல்ஷ்’ என்ற சொல் அப்படி வந்ததுதான்.

கேள்வி: 1066-இல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த, பிரெஞ்சு பேசிய நார்மன்களின் படையெடுப்புதான் ஆங்கிலத்தின் திருப்புமுனை என்று வகுப்பில் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சொற்களை மட்டும் எண்ணினால் சரி. மொழியின் எலும்பைப் பார்த்தால், என் ஓட்டு ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளுக்கு. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்துவிட்டுப் போனவர்கள், 865-இல் பெரும்படையாக வந்தபோது திரும்பிப் போகவில்லை. 878-இல் எடிங்டனில் ஆங்கிலேய மன்னர் ஆல்ஃபிரட் அவர்களை வென்றும், இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் டேனியர் எனப்பட்ட அந்த வைக்கிங்குகள் கையிலேயே இருந்தன. அங்கே நிலம் உழுதார்கள், பெண் எடுத்தார்கள். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்கள் அவர்கள் வைத்தவை.

‘ஸ்கை’, ‘நைஃப்’, ‘விண்டோ’, ‘ஹஸ்பண்ட்’, ‘லா’ எல்லாம் அவர்கள் கொடை. ‘தே’, ‘தெம்’ கூட! பெயர்ச்சொல்லைக் கடன் வாங்காத மொழி இல்லை. ‘அவர்கள்’ என்பதையே கடன் வாங்குவது அபூர்வம்.

அதைவிடப் பெரிய விஷயம் இலக்கணம். பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே வேற்றுமை உருபுகள் இருந்தன. ஆங்கிலேயர், வைக்கிங்குகள் என்ற இரு தரப்பாரின் வேர்ச்சொற்களும் ஏறக்குறைய ஒன்று, ஈறுகள்தான் வேறு. சந்தையில் பேரம் பேச ஈறு எதற்கு? அப்படித்தான் அவை தேய்ந்தன என்று பல மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். ஈறுகள் முதலில் உதிர்ந்ததும் வடக்கில்தான். நாம் ‘மனிதனை நாய் கடித்தது’ என்று மாற்றிச் சொன்னாலும் கடித்தது நாய்தான். இன்றைய ஆங்கிலத்தில் இடம் மாறினால் கடித்தவன் மனிதன்.

‘எக்’ என்பதும் வைக்கிங் சொல். அச்சகம் நடத்திய வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் ஒரு கதை எழுதியிருக்கிறார். காற்றில்லாமல் தேம்ஸில் கப்பல் நின்றுவிட, கரையிறங்கிய வியாபாரி ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்டார். ‘எனக்குப் பிரெஞ்சு தெரியாது’ என்றாள் அந்த வீட்டுப் பெண். அவருக்கும் தெரியாது, கோபம் வந்துவிட்டது. தெற்கில் அப்போது முட்டைக்கு ‘எய்ரென்’ என்றுதான் பெயர்.

கேள்வி: தொழுவத்தில் ‘கவ்’, தட்டில் ‘பீஃப்’. வளர்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் நார்மன் என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. பிரெஞ்சுச் சொற்கள் மேட்டுக்குடி மேசை வழியாக வந்தவைதான். ஆனால் ‘பீஃப்’ வெகுகாலம் உயிருள்ள மாட்டையும் குறித்தது. இந்தக் கச்சிதமான பிரிவினை பின்னால் ஏற்பட்டது. மீனைப் பாருங்கள், பிடித்தாலும் பொரித்தாலும் ‘ஃபிஷ்’தான்.

கேள்வி: ஆங்கில எழுத்துக்கூட்டல் குழப்பத்துக்கும் நார்மன்கள்தான் காரணமா?

பதில்: ஓரளவு. ‘குயீன்’, ‘ஹவுஸ்’ போன்ற பழைய சொற்களைப் பிரெஞ்சு வழக்கப்படி எழுதியவர்கள் அவர்கள் காலத்து எழுத்தர்கள். ‘நைஃப்’புக்கு முன்னால் ஊமையாக நிற்கும் எழுத்துக்கு அவர்களைத் திட்டாதீர்கள். அது ஒருகாலத்தில் உச்சரிக்கப்பட்ட ஒலி.

கேள்வி: அப்படியும் இங்கிலாந்து ஏன் பிரெஞ்சு பேசும் நாடாகவில்லை?

பதில்: வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. 1204-இல் ஜான் மன்னர் நார்மண்டியை இழந்ததும் பிரபுக்களுக்குத் தாய்நாட்டுத் தொடர்பு அறுந்தது. பிறகு பிரான்ஸோடு நூற்றாண்டுப் போர். எதிரி மொழி என்ற வெறுப்பும் சேர்ந்தது. 1362-இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எழுதியது பிரெஞ்சில்!