ஓய்வுக்குப் பிறகும் வீட்டில் நாய் வேண்டும்: பணத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: எனக்கு 58 வயது. நாய் இல்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை. இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரியவனுக்கு 9 வயது, 28 கிலோ. சின்னவளுக்கு 3 வயது, 12 கிலோ. இன்னும் இரண்டு வருடத்தில் சம்பளம் நின்றுவிடும், பிறகு பென்ஷன்தான். பெரியவன் இருக்கும்போதே ஒரு குட்டியை எடுத்தால் அவனைப் பார்த்துப் பழகிக்கொள்ளும் என்கிறார் மனைவி. எடுக்கலாமா? இவர்களுக்கென்று எவ்வளவு ஒதுக்குவது? இன்ஷூரன்ஸ் எடுப்பதா, சேர்த்து வைப்பதா? எங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவர்கள் கதி என்ன?

பதில்: அடுத்த நாயைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் இப்போது வேண்டாம், நான்கு வருடம் போகட்டும். கையில் பணம் இருக்கிறதா என்று பார்த்து இதைச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் எல்லோருடைய வயதையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் வரும் பதில் இது.

நாய்க்கு ஆகும் செலவு ஆயுள் முழுக்க ஒரே சீராக இருக்காது. முதல் வருடம் கை நிறையச் செலவாகும். 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அதோடு ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை ஆபரேஷன், கடித்துக் குதறிய செருப்புகள். பிறகு ஏழெட்டு வருடம் செலவு தணிந்திருக்கும். கடைசி மூன்று நான்கு வருடத்தில் மறுபடி ஏறும். ஒரே நாய் உள்ள வீடு இதைத் தாங்கிக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க நாய்களோடு இருக்கும் குடும்பம் திணறுவது, இரண்டு நாய்களின் முதுமை ஒன்றாக வந்து விழும்போதுதான். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை ஆசையாக எடுத்தவர்கள் பத்து வருடம் கழித்து மாட்டிக்கொள்வது இதனால்தான்.

உங்கள் தாளை எழுதுவோம். சின்னவளுக்கு 10 வயதாகும்போது உங்களுக்கு 65. அவள் 14 வரை இருந்தால் உங்களுக்கு 69. இன்றைக்கே குட்டி எடுத்தால் உங்கள் 68-இல் அதற்கும் 10 ஆகிவிடும், அதாவது பென்ஷனில் ஒரே நேரத்தில் இரண்டு கிழடுகள். 62-இல், ஏற்கெனவே இரண்டு வயதான ஒரு நாயைத் தத்தெடுத்தால் அது 10-ஐத் தொடுவது உங்கள் 70-இல். சின்னவளின் செலவான காலம் அதற்குள் கடந்திருக்கும். முதல் வருடச் செலவும் பெரும்பாலும் மிச்சம். வளர்ந்த நாயின் அளவும் குணமும் எடுக்கும்போதே தெரிந்துவிடும். 15 கிலோவுக்குள் இருக்கட்டும், 75 வயதில் அதை நீங்களே தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும். மூத்த நாயிடம் பழகிக்கொள்ளும் என்று உங்கள் மனைவி சொல்வது உண்மைதான். அன்றைக்கு அந்த மூத்த நாய் சின்னவள், 7 வயதில். மூட்டு வலிக்கத் தொடங்கும் பெரியவன்மேல் ஒரு குட்டியை ஏறிக் குதிக்க விடுவதைவிட அது நல்லது.

இனி எவ்வளவு ஒதுக்குவது என்று பார்ப்போம். பெரியவனுக்குக் கடந்த 12 மாதம் ஆன செலவைக் கூட்டி 12-ஆல் வகுங்கள். வரும் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். இனி மாதம் 200 ஆகும் என்று திட்டமிடுங்கள்: வருடத்துக்கு இரண்டு ரத்தப் பரிசோதனை, மூட்டு வலிக்கு மாத்திரை அல்லது மாதாந்திர ஊசி, சிறுநீரகம் தளர்ந்தால் அதற்கான தனி உணவு. அவன் 13 வரை இருப்பான் என்று கொண்டால் 48 மாதம். சம்பளம் வரும் இந்த 24 மாதமும், வழக்கமான 100 போக, மாதம் 200 கூடுதலாக எடுத்து வையுங்கள். அதில் 100 இப்போதைய கூடுதல் செலவுக்குப் போகும், மீதி 100 சேர்ந்து ஓய்வு நாளில் 2,400 ஆக நிற்கும். அடுத்த 24 மாதத்தின் கூடுதல் செலவை அதுவே பார்த்துக்கொள்ளும், பென்ஷனைத் தொட வேண்டியதில்லை. அவன் போன பிறகு அந்தக் கணக்கை மூடிவிடாதீர்கள். அவனுக்கு ஆன தொகையில் ஒரு பங்கை மாதாமாதம் அதிலேயே போட்டு வந்தால் 65-இல் சின்னவளுக்குத் தயாராக இருக்கும்.

இந்த இடத்தில் எடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எடைதான் பணம். உணவுத் தேவை எடையோடு நேராகக் கூடுவதில்லை. கிலோ எடையை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்கி (எடை × எடை × எடை), கால்குலேட்டரில் இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்கினால் ஓய்வு நிலையில் ஒரு நாளைக்குத் தேவையான கலோரி. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். பெரியவனுக்குச் சுமார் 1,360, சின்னவளுக்குச் சுமார் 720. எடை இரண்டே கால் மடங்குக்கு மேல், சாப்பாடு இரண்டு மடங்குகூட இல்லை. மருந்து அப்படியல்ல, பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் கொடுப்பார்கள். பெரியவன் இருக்க வேண்டிய எடை 24 கிலோ என்றால், கூடுதல் 4 கிலோவுக்காக அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு மருந்திலும் ஆறில் ஒரு பங்கு அதிகம் கட்டுகிறீர்கள். ஆயுளும் குறைகிறது. 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வளர்த்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவை வாழ்ந்த இடைநிலை வயது (பாதி நாய்கள் தாண்டிய வயது) 13.0, மற்றவைக்கு 11.2. மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் தாமதமாகத்தான். ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் கை சும்மா இருக்காது, தின்பண்டம் போய்க்கொண்டே இருக்கும். நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள்.

அவசர நிதி தனி. அதற்கான தொகையை உங்கள் கால்நடை மருத்துவரிடமே கேளுங்கள்: 28 கிலோ நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டால் செய்யும் ஆபரேஷன், இரண்டு நாள் அனுமதியோடு எவ்வளவு? முழங்கால் தசைநார் அறுந்தால் எவ்வளவு? இரண்டில் பெரியதை எடுத்து ஒன்றரை மடங்கு வையுங்கள், இரண்டு நாய்கள் இருப்பதால். தசைநார் ஒரு காலில் அறுந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு காலிலும் பின்னாளில் அறுகிறது. வயிறு முறுக்கல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும், அதுவும் இரவில் வந்தால் வங்கி திறக்கும்வரை காத்திருக்க முடியாது. எனவே இந்தப் பணம் உடனே எடுக்கக்கூடிய கணக்கில் மட்டுமே இருக்க வேண்டும். வட்டி குறைவு என்று நீண்டகால வைப்பில் போட்டுவிடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் பெரியவனுக்கு வேண்டாம். 9 வயதில் சேர்த்துக்கொள்ளும் பாலிசி கிடைத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கிவிடும், பிரீமியமும் அதிகம். சின்னவளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே 100 என்று வைத்த அதே அளவில், இன்றைய பிரீமியம் மாதம் 20 என்றும், வருடத்துக்கு 10 சதவீதம் ஏறும் என்றும் கொண்டால், 11 வருடத்தில் கட்டுவது சுமார் 4,450. ஏறாமல் இருந்தால் 2,640 என்று முகவர் காட்டுவதை நம்பி முடிவெடுக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: இந்த வருடம் கண்டுபிடித்த சர்க்கரை நோய்க்கு அடுத்த வருடமும் பணம் வருமா, ஒரு முழங்கால் போனால் மறு முழங்காலை 'பழைய நோய்' என்று தள்ளுவார்களா, பில்லை நாம் கட்டிய பிறகுதான் திருப்பித் தருவார்களா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், பாலிசி இருந்தாலும் அவசர நிதி வேண்டும். மேலே சொன்ன அவசர நிதியைச் சேர்த்துவிட முடியும் என்றால் பாலிசி இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் கருத்து.

செலவைக் குறைக்க மனிதர்களின் வலி மாத்திரையைக் கொடுப்பவர்கள் உண்டு. ஐபுப்ரோஃபென் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கும். ஒரு மாத்திரையில் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாரம் மருத்துவமனையில் கிடக்க நேரும்.

பெரியவனுக்கான முடிவையும் இப்போதே பேசிவிடுங்கள். மனம் கேட்காதுதான். ஆனால் அந்த நாளில் அழுதுகொண்டே எடுக்கும் முடிவு பணத்தையும் கரைக்கும், அவன் வேதனையையும் நீட்டும். தானாக எழுந்து நிற்கிறானா, சாப்பிடுகிறானா, வாரத்தில் நல்ல நாள்கள் அதிகமா கெட்ட நாள்கள் அதிகமா என்று பார்த்து, எந்த நிலையில் நிறுத்துவது என்று நீங்களும் மனைவியும் டாக்டரும் சேர்ந்து எழுதி வையுங்கள்.

உங்களுக்குப் பிறகு? பெரும்பாலான நாடுகளில் நாய் சட்டப்படி ஓர் உடைமை, அதன் பெயரில் நேரடியாகப் பணம் எழுத முடியாது. பொறுப்பேற்பவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி, உயிலில் நாயையும் அதற்கான தொகையையும் அவருக்கு எழுதுங்கள். அவரால் முடியாமல் போனால் இன்னொருவர் பெயரும் இருக்கட்டும். ஆனால் உயில் நடைமுறைக்கு வர மாதங்கள் ஆகும், நாய்க்கு அன்று மாலையே பசிக்கும். மூன்று மாதச் செலவை மனைவியோடு கூட்டுக் கணக்கில் வைத்து, இருவருமே மருத்துவமனையில் இருக்க நேர்ந்தால் உதவ, பொறுப்பாளரிடமும் கொஞ்சம் ரொக்கம் கொடுத்துவிடுங்கள். யாருக்கு என்ன உணவு, எத்தனை கிராம், என்ன மருந்து, எந்த டாக்டர், எதைக் கண்டால் பயப்படுவார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டுச் சாவியோடு அதன் ஒரு பிரதியும் அவரிடம் இருக்கட்டும்.