அப்பாவின் கல்லைக் கரைத்த மாத்திரை எனக்கு ஆகுமா?

கேள்வி: நான் 34 வயதுப் பெண். போன மாதம் சிறுநீரகக் கல்லை எடுத்து ஆய்வுக்கு அனுப்பியதில் கால்சியம் பாஸ்பேட் என்று வந்தது. 68 வயதாகும் அப்பாவுக்கு வந்தது யூரிக் அமிலக் கல். பொட்டாசியம் சிட்ரேட் மாத்திரையிலேயே கரைந்துவிட்டது. பாலைவன நாட்டில் வேலை பார்க்கும் தம்பிக்குக் கால்சியம் ஆக்சலேட். ஒரே குடும்பத்தில் எப்படி மூன்று விதக் கல்? அப்பாவின் மாத்திரையை நானும் சாப்பிடலாமா?

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகச் சாப்பிட வேண்டாம். அந்த மருந்து சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும். யூரிக் அமிலம் அமிலம் மிகுந்த சிறுநீரில்தான், அதாவது அமிலத்தை அளக்கும் பி.எச். எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இருக்கும்போது, கல்லாகிறது. அமிலம் தணிந்தால் கரைகிறது. கால்சியம் பாஸ்பேட் நேர் எதிர். அமிலம் குறையக் குறையத்தான் அது படியும். அப்பாவின் கல்லைக் கரைத்த மாத்திரை உங்கள் கல்லை வளர்த்துவிடக்கூடும். பாஸ்பேட் கல் உள்ள சிலருக்கும் இதைக் கொடுப்பதுண்டு. ஆனால் சிறுநீரை அடிக்கடி சோதித்துக்கொண்டுதான்.

சரி, மூன்று கல்லுக்கு வருவோம். இன்று பெரும்பாலான நாடுகளில் முதலிடம் கால்சியம் ஆக்சலேட்டுக்குத்தான். இடம், வயது, ஆண் பெண் என்று மாறுவது பெரும்பாலும் அதற்கு அடுத்து வரும் கற்களின் பங்கு.

ஆண்களைவிடப் பெண்களிடம், அதிலும் இளம் பெண்களிடம், பாஸ்பேட் கல்லின் பங்கு அதிகம். பெண்களின் சிறுநீரில் பொதுவாகவே அமிலம் சற்றுக் குறைவு. கர்ப்ப காலத்தில் இந்தக் கல்லுக்கு இன்னும் வாய்ப்பு உண்டு. சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு அடிக்கடி வருவதால் ஸ்ட்ரூவைட் கல்லும் அவர்களிடமே கூடுதல். புரோட்டியஸ் போன்ற கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்க, கல் மான்கொம்பு போலக் கிளைவிட்டுச் சிறுநீரகத்தையே நிறைத்துவிடும்.

வயது ஏற ஏற யூரிக் அமிலக் கல் கூடுகிறது. சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்தால் சிறுநீர் இன்னும் அமிலமாகும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்காமலிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குழந்தைக்கோ இளைஞருக்கோ கல் திரும்பத் திரும்ப வந்தால் சிஸ்டின் என்ற பரம்பரைக் கல்லை நாங்கள் சந்தேகிப்போம். இந்தச் சிஸ்டினை 1810இல் ஆங்கிலேய வேதியியலாளர் உல்லாஸ்டன் கண்டுபிடித்ததே ஒரு சிறுநீர்ப்பைக் கல்லில்தான். யூரிக் அமிலத்தை 1776இல் சுவீடன் வேதியியலாளர் ஷீலே கண்டதும் அப்படித்தான். வலியில் துடித்தவர்களால் வேதியியல் வளர்ந்திருக்கிறது!

தம்பிக்கு வெயில் ஒரு காரணமாக இருக்கலாம். வியர்வையில் நீர் போய்விட்டால் சிறுநீர் கெட்டியாகிறது. அமெரிக்காவின் வெப்பமான தென்கிழக்குப் பகுதியை ‘கல் பட்டை’ என்றே அழைக்கிறார்கள். வெயில் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. குளிர்ந்த இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு காலத்தில் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பைக் கல் சர்வசாதாரணம். தானியத்தையே நம்பிய, புரதம் குறைந்த சாப்பாட்டில் இப்படிப்பட்ட கல் வரும். அதில் யூரிக் அமிலத்தின் உப்பான அம்மோனியம் யூரேட் கலந்திருக்கும். சாப்பாடு மேம்பட்ட இடங்களில் அது மறைந்தேபோனது.

இவை எல்லாம் கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் கல் முழுக்கப் பாஸ்பேட்டாக இருந்தால் ‘இளம் பெண், அதனால் வந்தது’ என்று நான் விட்டுவிட மாட்டேன். ரத்தத்தில் கால்சியம் அளவைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி அதிகம் சுரக்கிறதா, சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றத் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம், பைகார்பனேட், பாராதைராய்டு ஹார்மோன், அப்புறம் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை, இவற்றை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கால்சியம் கல் என்றதும் உணவில் கால்சியத்தைக் குறைத்துவிடாதீர்கள். அது உங்களுக்கும் தம்பிக்கும் தவறு.

தண்ணீர் மட்டும் மூவருக்கும் பொது. வேறு நோய்க்காக நீரைக் குறைக்கச் சொல்லாதவரை, நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடியுங்கள். கல்வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.